ஒரு தொப்பிக்கு வாங்கிய நூல்

(ஹந்தானை மலையடிவாரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பழைய நூற்றாண்டுகளில் எழுதியவர்கள் எப்படி வாசித்தார்கள், எதன்மேல் எழுதினார்கள் என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். தமிழில் இந்தப் பேச்சை எடுத்தால் உ.வே. சாமிநாதையரின் உத்தமதானபுரத்துக்கும் சி.வை. தாமோதரம்பிள்ளையின் சிறுப்பிட்டிக்கும் போவதுதான் வழக்கம். நானும் அங்கே போவேன். ஆனால் புறப்படுவது இங்கிருந்துதான். இந்த ஹந்தானை மலையைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்நாளின் நல்ல பகுதியைக் கைதியாகக் கழித்து, பின்னாளில் உலகம் வாசித்த நூலொன்றை எழுதியவர் இருந்தார். ரொபர்ட் நொக்ஸ் என்ற பெயரைப் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அங்கே அவர் கண்டி இராச்சியத்தைப் பற்றித் தகவல் தரும் சாட்சியாக மட்டும் வருகிறார். அவரை ஒரு வாசகராக இன்று உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1641 இல் லண்டனில் பிறந்தவர். தந்தையின் பெயரும் ரொபர்ட் நொக்ஸ்தான். ‘ஆன்’ என்ற கப்பலின் தலைவர். மசூலிப்பட்டினத்தில் 1659 நவம்பரில் அடித்த புயலில் பாய்மரம் போய்விட, பழுதுபார்ப்பதற்காகத் திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். 1660 ஏப்ரலில் இரண்டாம் இராஜசிங்க மன்னரின் ஆட்கள் தந்தையையும் மகனையும் உள்ளிட்ட 16 பேரைப் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூதூரில் அந்த இடத்தைக் குறிக்கும் நினைவுக்கல் 1893 இல் நாட்டப்பட்டது. பிடிபட்ட மறு ஆண்டு பெப்ரவரியில் தந்தை காய்ச்சலில் இறந்தார். பத்தொன்பது வயதில் பிடிபட்ட மகன் தப்பிப் போகும்போது வயது முப்பத்தெட்டு.

நிலம் தெரிந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மன்னர் கண்டி நகரை விட்டு வந்து தங்கிய நிலம்பை, இதே மலைத்தொடரின் தெற்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேதான் 1664 டிசம்பரில் அவருக்கு எதிராகக் கலகம் வெடித்தது. நொக்ஸ் பின்னாளில் காணி வாங்கி வீடு கட்டிக்கொண்ட எலதெத்த, மகாவலிக்கு அப்பால் உடுநுவரையில் உள்ளது. இந்த மண்டபத்திலிருந்து பஸ்ஸில் போய் அந்தியாவதற்குள் திரும்பிவிடலாம்.

கைதி என்றால் விலங்கிட்ட கைதி அல்ல. ஊருக்கு ஒருவராகப் பிரித்துவிட்டார்கள். ஊரார் சோறு போட வேண்டும், அவர் ஓடிப்போகக்கூடாது, அவ்வளவுதான். அந்த நிலையில் அவரிடம் இருந்தவை இரண்டே நூல்கள். ஒன்று லூயிஸ் பெய்லி என்பவரின் பக்தி நூல். மற்றது ரொஜர்ஸ் என்பவர் கிறிஸ்தவ வாழ்வின் ஒழுக்கங்களைப் பற்றி எழுதியது. பகலுணவு முடிந்ததும் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போய், மரத்தடியில் உட்கார்ந்து மாலைவரை வாசிப்பதும் நினைப்பதுமாக இருப்பாராம். காய்ச்சல் வரும் நாளில் மட்டும் தலை நிமிராது, அன்று வாசிப்பு கிடையாது. இப்படித் திரும்பத் திரும்ப வாசித்து இரண்டு நூல்களும் ஏறத்தாழ மனப்பாடமாகிவிட்டன என்று அவரே எழுதுகிறார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இரண்டு நூல்களை மட்டும் வாசித்தவரைப் ‘படிப்பாளி’ என்று நாம் சொல்வோமா? ஆண்டுக்கு எத்தனை நூல் வாசித்தேன் என்று பட்டியல் போடும் காலம் இது. அவர் காலத்து வாசிப்பின் அளவுகோல் வேறு. நூல் உள்ளே போய்த் தங்கியதா என்பதே கேள்வி. நம்முடைய மரபிலும் அதுதான் கேள்வியாக இருந்தது. மனப்பாடம் என்றால் இன்று நமக்குப் பரீட்சைதான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லைப் பரீட்சை கெடுத்துவிட்டது என்பது என் வருத்தம்.

அடுத்து, நான் மிகவும் நேசிக்கும் காட்சி. தந்தை இறந்துவிட்டார். நொக்ஸ் ஓர் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். கூட ஒரு வேலைக்காரச் சிறுவன். வழியே போன முதியவர் ஒருவர் சிறுவனைக் கூப்பிட்டு, ‘உன் எஜமானுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியுமா?’ என்று கேட்கிறார். தெரியும் என்கிறான். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த சமயத்தில் தன் கைக்கு ஒரு புத்தகம் வந்தது, வேண்டுமானால் விற்கிறேன் என்கிறார் முதியவர். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தது 1656 இல். அத்தனை ஆண்டுகள் தனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு புத்தகத்தை அந்தக் கிராமத்து மனிதர் வீட்டில் வைத்துக் காத்திருக்கிறார்! அவர் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. நூல்களைக் காத்தவர்களின் வரிசையில் அவருக்கும் இடம் உண்டு என்று நான் நினைக்கிறேன்.

புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார். திறந்தால், ஆங்கில வேதாகமம். கண் விழுந்த இடம் அப்போஸ்தலர் நடபடிகளின் பதினாறாம் அதிகாரம். சிறைச்சாலையின் கதவுகள் தாமாகத் திறந்துகொண்ட இரவில், காவலன் நடுங்கிக்கொண்டு மீட்புக்கு வழி கேட்கும் கட்டம் அது. கைதி ஒருவனின் கண்ணில் அந்தப் பக்கம் பட்டால் எப்படி இருக்கும்! மகிழ்ச்சி பெரிதா பயம் பெரிதா என்று தனக்கே தெரியவில்லை என்கிறார் நொக்ஸ். பயம் எதற்கு? விலை கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்றுதான். கையில் இருந்தது ஒரே ஒரு பொன் வராகன். அதைத் தூக்கிக் கொடுத்துவிடத் துடிக்கிறார். சிறுவன் கெட்டிக்காரன். ஆசையை வெளியே காட்டாதீர்கள், வேண்டாததுபோல் இருங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்கிறான். கடைசியில் ஒரு பின்னல் தொப்பிக்குப் பேரம் படிந்தது. தொப்பி பின்னி விற்பது அந்த நாளில் ஆங்கிலக் கைதிகளின் பிழைப்பு. தன் கைவேலையைக் கொடுத்து நூலை வாங்கினார். அதற்குப் பிறகு அவரிடம் மூன்று நூல்கள்.

இந்த ஆவல் ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதா? ஒருபோதும் இல்லை. நொக்ஸ் தப்பிப் போய் இருபது ஆண்டு ஆவதற்குள் இதே கண்டி நாட்டில் 1698 இல் வெலிவிட்ட சரணங்கர தேரர் பிறந்தார். பாளி இலக்கணம் சொல்லித்தர ஆள் இல்லாமல் போயிருந்த காலம். இலக்கணம் அறிந்த லெவுகே ராளை என்ற பிரபு அரச காவலில் இருந்தார். இளம் துறவி அந்தக் கைதியைத் தேடிப் போய்ப் பாடம் கேட்டார். தமிழ்நாட்டுப் பக்கம் பாருங்கள். கண்டி இராச்சியம் விழுந்த அதே 1815 இல் பிறந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தண்டியலங்காரம் கற்க வேண்டும். அதை அறிந்திருந்தவரோ பிச்சையெடுத்துத் திரிந்த ஒரு பரதேசி. தெருத்தெருவாக அவர் பின்னால் நடந்து, மனம் கோணாமல் பணிவிடை செய்து பாடம் கேட்டார் பிள்ளையவர்கள். அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் இதை எழுதிவைத்திருக்கிறார். நூலைப் பெறுவதற்குப் பட்ட பாடே பாதிக் கல்வியாக இருந்தது.

சரி, அவர்கள் எழுதியது எதன்மேல்? கண்டி நாட்டில் தாளிப்பனை ஓலை. பேராதனைப் பூங்காவில் வரிசையாக நிற்கின்றனவே, அந்த மரம். ஆயுளில் ஒரே முறை உச்சியில் பூத்து, காய்த்து, பட்டுப்போகும். அதன் ஓலை ஒன்றே பலரை மழையிலிருந்து மறைக்கும் என்று நொக்ஸ் வியக்கிறார். படைவீரர்கள் அதையே கூடாரமாகக் கொண்டுபோனார்களாம். யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் பெரும்பாலும் பனையோலை. அது தடித்தது, விறைப்பானது. தாளிப்பனை மெல்லியது, அகலமானது, நுணுக்கி எழுத ஏற்றது. விரியாத குருத்தை வெட்டி, அவித்து, உலர்த்தி, கமுகந்தடியில் போட்டு இழுத்து வழுவழுப்பாக்கி அளவாக நறுக்குவார்கள்.

எழுதும் விதத்தைக் கவனியுங்கள். மேசை கிடையாது. ஓலை இடக்கையில். எழுத்தாணி வலக்கையில். இடக்கைப் பெருவிரல் நகத்தில் சிறு வெட்டு ஒன்று இருக்கும். ஆணியின் முனைக்கு அதுதான் தாங்கி. வரி முன்னேற முன்னேற ஓலையை இடப்புறமாக நகர்த்திக்கொண்டே வர வேண்டும். அழுத்தினால் ஓலை கிழியும், மெல்லக் கீறினால் பதியாது. எழுதி முடித்தபின்னும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது, வெறும் கீறல்தான். கரியும் எண்ணெயும் அல்லது மஞ்சளும் இலைச்சாறும் சேர்த்துத் தேய்த்துத் துடைத்தால், கீறலில் மை தங்கி எழுத்து எழும். இதற்கு மையாடல் என்று பெயர். பிழை விட்டால் அழிக்க வழியில்லை. ஆகவே எழுதுகிறவர் சொற்றொடரை மனத்தில் முழுதாகக் கட்டிய பிறகே ஆணியை ஓலையில் வைத்தார்.

வாசிப்பதும் சுலபமல்ல. தமிழ்ச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். ஒகரமும் ஓகாரமும் அப்படியே. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, செய்யுள் அடிகூடப் பிரித்து எழுதியிராது. ஆக, யாப்பு தெரிந்தவர்தான் வாசிக்க முடியும். நூலை ஓரளவு காதால் கேட்டிருந்தவர்தான் கண்ணால் படிக்க முடியும். சுவடியில் இருந்தது பாதி, வாசிப்பவர் நெஞ்சில் இருந்தது மீதி. சி.வை. தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் பட்ட சிரமம் இங்கேதான். பழந்தமிழ் நூல்களைக் காதால் கேட்டுப் பழகிய பரம்பரை அற்றுப்போயிருந்தது, ஏடு மட்டும் மிஞ்சியிருந்தது. 1887 இல் தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் ஐயர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினார்கள் என்றால், அறுந்துபோன அந்த நினைவை அவர்கள் ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டு மீட்டெடுத்தார்கள் என்று பொருள்.

நொக்ஸிடம் வருகிறேன். 1679 செப்டம்பர் 22 அன்று ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழருடன், சில்லறை வியாபாரிகளைப்போல மூட்டை தூக்கிக்கொண்டு எலதெத்தவை விட்டுப் புறப்பட்டார். அனுராதபுரம் கடந்து, நாம் அருவியாறு என்று சொல்லும் மல்வத்து ஓயாவின் கரையோடு கீழிறங்கினார்கள். அவர் தன் எழுத்தில் குறிப்பிடும் கயிலை வன்னியன் என்ற தலைவனின் தமிழர் நாடு அந்தப் பக்கம்தான். அக்டோபர் 18 இல் மன்னார்க் கரையோரத்து அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு பத்தாவியா, அதன்பின் கப்பலில் தாயகம். அந்தக் கப்பல் பயணத்தில்தான் பேனாவை எடுத்தார்.

பத்தொன்பது ஆண்டுகளை நினைவிலிருந்து எழுதுகிறார். ஏழு மாத நெல்லான மாவீ முதல் மூன்று மாத நெல் வரை வகைவகையாகச் சொல்கிறார். எது எந்த நிலத்துக்கு ஏற்றது, தண்ணீர் எப்படிப் பாய்ச்சுகிறார்கள், சூடு எப்படி மிதிக்கிறார்கள், பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எப்படி எழுத்துப் பழகுகிறார்கள், மன்னரின் முன் எப்படி விழுந்து வணங்குகிறார்கள், எல்லாம் வருகின்றன. சிங்களச் சொற்கள் அப்படியே வருகின்றன. இந்த நினைவு எங்கிருந்து வந்தது? மரத்தடியில் இரண்டு நூல்களை வரி வரியாக நெஞ்சில் ஏற்றிய அதே பழக்கத்திலிருந்து வந்தது என்பதே என் கட்சி. புத்தகத்தை வாசித்த முறையிலேயே அவர் ஊரையும் வாசித்திருக்கிறார். புதியது கிடைக்காதபோது, உள்ளதையே மறுபடி மறுபடி பார்க்கிற கண் அது. இன்று இந்த இராச்சியத்தின் அன்றாட வாழ்வைப் பற்றி எழுதும் எந்த ஆய்வாளரும் அந்தக் கண்ணுக்குக் கடன்பட்டவர்தான்.

லண்டனில் அந்தக் கையெழுத்தைப் பார்த்து ஊக்கியவர் ரொபர்ட் ஹூக். விஞ்ஞானப் பாடத்தில் கலத்தைப் பற்றிப் படிக்கும்போது வருகிறாரே, அவரேதான். நூலுக்கு முன்னுரையும் அவர் எழுதினார். நொக்ஸின் உறவினரும் மதகுருவுமான ஜோன் ஸ்ட்ரைப் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். 1681 இல் நூல் வெளிவந்தது. நாடு, மன்னர், மக்கள், தன் சிறைவாழ்வு என்று நான்கு பாகங்கள். சில ஆண்டுகளுக்குள் ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளுக்குப் போயிற்று. டானியல் டிஃபோ தன்னுடைய நாவல் ஒன்றில் நொக்ஸின் கதையைச் சுருக்கியே சேர்த்திருக்கிறார். அவருடைய ரொபின்சன் குரூசோ காய்ச்சலில் கிடந்து, பெட்டியிலிருந்து வேதாகமத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கும் இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஓடைக்கரைதான் ஞாபகம் வருகிறது.

நூல் அச்சானதும் வேலை முடிந்துவிட்டது என்று நாம் நினைப்போம். நொக்ஸுக்கு முடியவில்லை. அச்சிட்ட பிரதி ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் வெற்றுத்தாள் வைத்துக் கட்டுவித்து, நினைவு வந்ததையெல்லாம் அதில் எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். கப்பல் தலைவராகக் கடல் கடலாகப் போன ஆண்டுகளிலும் கண்டியைப் பற்றிய எழுத்து நிற்கவில்லை. தன் பிற்கால வாழ்க்கையையும் தனியே எழுதினார். 1720 இல் இறந்தார். அந்தத் தன்வரலாற்றுக் கையெழுத்து ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்து 1911 இல்தான் அச்சாயிற்று. வெற்றுத்தாள்களில் எழுதியவற்றையும் சேர்த்த முழுப் பதிப்பை போலுஸ் என்ற அறிஞரின் உழைப்பில் இலங்கையிலேயே 1989 இல் வெளியிட்டார்கள். முதல் அச்சுக்கும் முழு அச்சுக்கும் இடையில் 308 ஆண்டுகள்!

கையெழுத்துக்கும் அச்சுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கண்ணால் பார்க்கலாம். 1681 நூலின் நடை சீரானது, படித்தவர் கை பட்டது தெரியும். கையெழுத்தில் இருப்பவர் மாலுமி. எழுத்துக்கூட்டல் அவர் இஷ்டம். வாக்கியம் மூச்சு வாங்கும், வழியில் வேறு கதைக்குப் போய்த் திரும்பும். ஸ்ட்ரைப்பும் ஹூக்கும் நல்லதுதான் செய்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நூலே இல்லை. ஆனாலும் அந்த மனிதரின் குரலைக் கேட்க வேண்டுமானால் நான் கையெழுத்தைத்தான் நம்புவேன். அவருடைய வெட்கக்கேடும் அங்கேதான் கிடக்கிறது. பத்தொன்பது ஆண்டுகள் பிறர் கையில் கைதியாக இருந்தவர், விடுதலைக்குப் பிறகு மடகாஸ்கரிலிருந்து அடிமைகளை ஏற்றிவரும் கப்பலுக்குத் தலைவராகப் போனார். இதை மறைத்துக்கொண்டு அவரைப் புகழ எனக்கு மனம் ஒப்பாது.

ஓலையிலும் தாளிலும் எழுதியது எல்லாம் மனிதரை உயர்த்தியது என்று சொல்ல முடியுமா? இந்த மலையில் வாழும் நாம் சொல்ல முடியாது. கோப்பித் தோட்டக் காலத்திலிருந்து நம் பாட்டன் பூட்டன்மாரைக் கட்டிப்போட்டது ஒரு கையெழுத்துத் தாள். துண்டு என்றார்கள். தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கப்படுவார் என்று எழுதிய சீட்டு. அது இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு நகர முடியாது. 1921 இல் அந்த முறையை ஒழித்தார்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயரும் துண்டில் கடனும், இவைதாம் நம்மைப் பற்றிப் பிறர் எழுதிவைத்த கையெழுத்துகள். இவை ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கும். கணக்கு எழுதியவர்கள் கணக்கைக் காப்பாற்றுவார்கள்.

நாமே நமக்காக எழுதிக்கொண்டவை எங்கே? காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆடும் ஒவ்வொரு தோட்டத்திலும் கூத்து மாஸ்டரிடம் ஒரு கொப்பி உண்டு. அவருடைய குருவின் கொப்பியைப் பார்த்து எழுதியது. அதற்கு முன் இந்தியாவிலிருந்து நினைவில் சுமந்து வந்தது. பனங்கூடையில், தகரப்பெட்டியில், லயத்து இறவாணத்தில் செருகிக் கிடக்கிறது. விளிம்பைக் கரையான் தின்றிருக்கும், மழை ஒழுகி மை பரவியிருக்கும். மட்டக்களப்பு அண்ணாவிமார்களின் கூத்துக் கொப்பிகளை மதித்துப் பேராதனைக்குக் கொண்டுவந்தவர் பேராசிரியர் வித்தியானந்தன். இதே மலையடிவாரத்துப் பல்கலைக்கழகத்தில் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ மேடையேறி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தன. அந்தக் கவனிப்பு மலையகக் கொப்பிக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை. சி.வி. வேலுப்பிள்ளை லயங்களில் கேட்ட பாடல்களை எழுதித் தொகுத்திராவிட்டால் அவற்றில் பலவும் போயிருக்கும்.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அதை நினைத்து இன்றும் நெஞ்சு பதறுகிறோம். நம் தோட்டங்களில் தீ வைக்க எவரும் வர வேண்டியதில்லை. ஈரமும் கரையானும் லயம் இடிப்பும் வீடு மாறலுமே போதும்.

ஆகவே மாணவர்களே, உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் தோட்டத்துக் கூத்து மாஸ்டரின் வீட்டுக்குப் போங்கள். கொப்பியைப் பறித்துக்கொண்டு வராதீர்கள், அது அவருடையது. அவர் முன்னிலையிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள், அட்டையையும் ஓரக் குறிப்பையும் வெற்றுப் பக்கத்தையும் விடாமல். எழுதியவர் யார், யாரைப் பார்த்து எழுதினார், எந்தத் தோட்டம் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவரைப் பாடச் சொல்லி ஒலிப்பதிவும் செய்யுங்கள். ஏட்டில் பாதிதான் இருக்கும் என்றேனே, மீதி அவர் தொண்டையில் இருக்கிறது. படங்களின் ஒரு பிரதியை மாஸ்டரிடமே கொடுங்கள், இன்னொன்றை நூலகம் நிறுவனம்போல் ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் காத்துவரும் இடமொன்றில் சேர்த்துவிடுங்கள். பிறகு உட்கார்ந்து கையால் ஒருமுறை பார்த்து எழுதுங்கள். எழுதும்போது ‘ள’ வர வேண்டிய இடத்தில் ‘ல’ இருக்கலாம், ‘ற’ வுக்கு ‘ர’ இருக்கலாம், சந்தி பிழைத்திருக்கலாம். உங்கள் தமிழாசிரியர் கடிந்துகொண்டாலும் சரி, ஒன்றையும் திருத்தாமல் இருந்தபடியே எழுதுங்கள். உங்கள் திருத்தம் வேண்டுமானால் எதிர்ப்பக்கத்தில் இருக்கட்டும்.